டியூப் ஸ்க்ரீமரில் முதலில் எதை மாற்றுவது?

1970களின் இறுதியில் ஐபனெஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த டியூப் ஸ்க்ரீமர் என்னும் கிட்டார் ஓவர்டிரைவ் பெடலை வடிவமைத்தவர் சுசுமு தமுரா. அதைத் தயாரித்துக் கொடுத்தது, மேக்ஸான் என்ற பெயரில் தன் சொந்தப் பெடல்களையும் விற்றுவந்த நிஷின் ஒன்பா என்னும் ஜப்பானிய நிறுவனம். பச்சைப் பெட்டி, மூன்று குமிழ்கள், உள்ளே சிறிய போர்டு ஒன்று. டி.எஸ்.808 முதலிலும் டி.எஸ்.9 1982 வாக்கிலும் வந்தன. இரண்டின் சுற்றும் ஏறக்குறைய ஒன்றே. வீட்டிலேயே மாற்றிப் பார்க்கத் தோதான சுற்று இது. பாகங்கள் குறைவு, எல்லாம் கடையில் கிடைப்பவை, 9 வோல்ட்டில் ஓடுவதால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மாற்ற உட்காருபவர்களில் பலர் முதலில் தேடுவது எட்டுக்கால் ஐசியைத்தான். ஜே.ஆர்.சி. 4558டி என்று அச்சிட்ட பழைய ஐசி ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டால் பழைய பெடலின் ஓசை வந்துவிடும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த அத்தியாயம் அதற்கு நேர்மாறான வரிசையைச் சொல்கிறது. முதலில் ஒரு கெபாசிட்டர், அடுத்து டையோடுகள், கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும், ஐசி. இது விருப்பம் சார்ந்த வரிசை இல்லை என்பதைச் சுற்றில் உள்ள மதிப்புகளே காட்டும்.

கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் முதலில் ஒரு டிரான்சிஸ்டர் பஃபரைக் கடந்து ஐசியின் முதல் பாதிக்குள் நுழைகிறது. ஓவர்டிரைவ் பிறப்பது இங்கேதான். ஐசியின் வெளியீட்டிலிருந்து அதன் எதிர்மறை உள்ளீட்டுக்குத் திரும்பும் பாதையில் 51 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதனுடன் தொடராக 500 கிலோ ஓம் டிரைவ் குமிழும் உள்ளன. இவற்றுக்கு இணையாக எதிரெதிர்த் திசையில் இரண்டு சிலிக்கான் டையோடுகளும் 51 பிகோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் இருக்கின்றன. அதே எதிர்மறை உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் தொடராக இறங்குகின்றன. பெருக்கத்தைத் தீர்மானிப்பது இந்த எண்கள்தாம். டிரைவைக் குறைந்தபட்சத்தில் வைத்தால் 51ஐ 4.7ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட, சுமார் 12 மடங்கு. முழுவதும் திருப்பினால் 551ஐ 4.7ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட, சுமார் 118 மடங்கு. டிரைவைப் பூச்சியத்தில் வைத்தாலும் இந்தப் பெடல் முழுமையாகத் தெளிந்த ஓசை தராததற்குக் காரணம் அந்த 12 மடங்கு. வெறும் பூஸ்டராகவும் பயன்பட வேண்டும் என்று நினைப்பவர் 51 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போட்டால் போதும். குறைந்தபட்சப் பெருக்கம் 3 மடங்குக்கு இறங்கிவிடும். உச்சப் பெருக்கம் 110 அளவில் நிற்பதால் மறுமுனையில் இழப்பு எதுவும் தெரியாது.

இந்தப் பெடலின் தனிக்குரல் எங்கிருக்கிறது என்பதற்கான முதல் சான்று 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோ ஃபாரடும் சேர்ந்த இணையில் இருக்கிறது. அவற்றைப் பெருக்கிக் கணக்கிட்டால் கிடைக்கும் அதிர்வெண் சுமார் 720 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் சரிகிறது. டையோடுகள் அலையின் முனைகளை வெட்டும் கிளிப்பிங் முடிந்து வெளியே வந்த சிக்னல் அடுத்துச் சந்திப்பது 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் கிரவுண்டுக்கு இறங்கும் 0.22 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரையும். இந்த இணையின் அதிர்வெண்ணும் சுமார் 720 ஹெர்ட்ஸ்தான். இது அதற்கு மேலே உள்ளதைக் குறைக்கிறது. கிளிப்பிங்குக்கு முன் கீழ்ப்பக்கம் குறைகிறது, பின் மேல்பக்கம் குறைகிறது, இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. டியூப் ஸ்க்ரீமரின் புகழ்பெற்ற மிட் மேடு இதுவே. மிட் பள்ளமாக இருக்கும் ஃபெண்டர் ஆம்ப்களோடு இந்தப் பெடல் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கும், ஸ்டீவி ரே வான் போன்ற கிட்டார் கலைஞர்கள் அந்தச் சேர்க்கையை ஏன் விடாமல் வைத்திருந்தார்கள் என்பதற்கும் விளக்கம் இங்கே இருக்கிறது. இந்த நான்கு பாகங்களும் சென்னை ரிச்சி தெருக் கடைகளில் பொட்டலமாக அள்ளித் தரும் சாதாரணச் சரக்கு. ஐசியின் மேலே அச்சிட்டிருக்கும் எழுத்துக்கும் இந்த மேட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இனி அந்த 0.047ஐ மாற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். டிரைவ் முழுவதும் திறந்திருக்கும்போது கிட்டாரின் ஆறாவது தந்தியின் அடிப்படை அதிர்வெண்ணான 82 ஹெர்ட்ஸுக்கு இந்தச் சுற்று தரும் பெருக்கம் சுமார் 13 மடங்கு. அதே நிலையில் 1000 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 95 மடங்கு. ஒரே கார்டில் உள்ள தடித்த தந்தியும் மெல்லிய தந்தியும் இவ்வளவு வேறுபட்ட அளவில் கிளிப் ஆகின்றன. கெபாசிட்டரை 0.1 மைக்ரோ ஃபாரட் ஆக்கினால் 720 ஹெர்ட்ஸ் எல்லை 340க்கு இறங்குகிறது. 82 ஹெர்ட்ஸுக்கான பெருக்கம் 28 மடங்காக, அதாவது இரு மடங்குக்கு மேல், உயர்கிறது. 0.22 போட்டால் எல்லை 154 ஹெர்ட்ஸ், பெருக்கம் 55 மடங்கு. ஒரே ஒரு கெபாசிட்டர் இவ்வளவு தூரம் நகர்த்துகிறது. வேறு எந்தத் தனிப் பாகத்தை மாற்றினாலும் காதுக்கு இத்தனை தெளிவாகத் தெரியும் விளைவு கிடைக்காது. நான் பரிந்துரைக்கும் முதல் படி 0.068. எல்லை 500 ஹெர்ட்ஸுக்கு வரும். மேடு சற்று அகலமாகி ஒல்லியான தன்மை குறையும். பெடல் தன் அடையாளத்தை இழக்காது. அது போதவில்லை என்றால் 0.1. அதற்கு மேலே போவதற்குமுன் அடுத்த பத்தியைப் படித்துவிடுங்கள்.

இங்கே எழும் மறுப்பு நியாயமானது. பேஸ் குறைவதுதான் இந்தப் பெடலின் மேல் உள்ள பொதுவான குறை. அப்படியிருக்க அந்த வெட்டை முற்றிலும் நீக்கிவிட்டால் என்ன? டையோடுகளுக்கு முன்னால் வரும் பேஸ் தன் பங்குக்கு ஓசையைக் கூட்டிவிட்டு ஒதுங்கிவிடுவதில்லை. அளவில் பெரிய கீழ் அலையே டையோடுகளை எப்போது திறப்பது என்பதை முடிவு செய்யத் தொடங்குகிறது. அதன் மேல் சவாரி செய்யும் மெல்லிய சுரங்கள் அதன் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப நசுங்குகின்றன. இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டும்போது அவற்றின் கூட்டலிலும் கழித்தலிலும் புதிய அதிர்வெண்கள் பிறந்து கார்டு முழுவதும் சேறாகிறது. தமுராவின் சுற்றில் இதற்கான விடை கட்டமைப்பிலேயே இருக்கிறது. இது எதிர்மறையாக்காத பெருக்கி. கீழ் அதிர்வெண்களின் பெருக்கம் ஒன்றுக்குக் கீழே ஒருபோதும் இறங்குவதில்லை. ஆகவே பேஸ் அடியோடு தொலைந்துவிடுவதில்லை. பெரிதும் கிளிப் ஆகாமல் உடன் வருகிறது. அதிக டிஸ்டார்ஷன் உள்ள ஆம்ப் முன்னால் மெட்டல் கிட்டார் கலைஞர்கள் இந்தப் பெடலை டிரைவ் பூச்சியத்திலும் லெவல் முழுவதிலும் வைத்து வாசிப்பதும் இந்த வெட்டுக்காகவே. கீழ்த் தந்திகளின் தாக்குதல் இறுக்கமாக வரவேண்டும் என்பது அவர்கள் தேவை. அவர்களுடைய பெடலில் 0.22 போட்டுக் கொடுத்தால் அவர்கள் எதற்காக வாங்கினார்களோ அதையே பறித்துவிடுகிறோம். ஆகவே தெளிந்த ஆம்ப் முன்னால் தனிக் கிட்டாராக வாசிப்பவர் கெபாசிட்டரைக் கூட்டலாம். பேஸ் கிட்டாரும் டிரம்மும் இருக்கும் குழுவில் வாசிப்பவர் 0.068ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

4.7 கிலோ ஓமைக் குறைத்து டிரைவைக் கூட்டும் மாற்றமும் பரவலானது. அதில் ஒரு பொறி இருக்கிறது. 3.3 கிலோ ஓம் போட்டால் பெருக்கம் 118இலிருந்து 168க்கு ஏறும், உண்மை. அதே நேரத்தில் எல்லை அதிர்வெண் ஆயிரத்தைத் தாண்டிவிடும். டிரைவும் கூடும், ஓசையும் ஒல்லியாகும். மாற்றியவர் ஐசியைக் குற்றம் சொல்லத் தொடங்குவார். 3.3 கிலோ ஓமோடு 0.068ஐயும், 2.2 கிலோ ஓமோடு 0.1ஐயும் சேர்த்துப் போட்டால் எல்லை 710, 720 என்ற பழைய இடத்திலேயே நிற்கும். இரண்டு பாகங்களும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. இதே கணக்கில் 51 பிகோ ஃபாரடையும் பார்க்கலாம். டிரைவ் முழுவதும் திறந்திருக்கும்போது அதன் எல்லை சுமார் 5.7 கிலோ ஹெர்ட்ஸ். 100 பிகோ ஆக்கினால் 2.9க்கு வந்து கீச்சொலி மட்டுப்படும். பிரகாசம் வேண்டுபவர் கிளிப்பிங்குக்குப் பின்னால் உள்ள 0.22ஐ 0.1 ஆக்கலாம். சில போர்டுகளில் அந்த இடத்தில் டான்டலம் கெபாசிட்டர் இருக்கும். அதற்குப் பதிலாகத் திசையில்லாத ஃபிலிம் கெபாசிட்டர் போடுவது பாதுகாப்பு.

டையோடுகளுக்கு வருவோம். சிலிக்கான் டையோடு சுமார் 0.6 வோல்ட்டில் திறக்கிறது, ஜெர்மானியம் சுமார் 0.3இல், சிவப்பு எல்.இ.டி. சுமார் 1.7இல். டிரைவ் குறைந்தபட்சத்தில் இருக்கும்போது சிலிக்கானைத் திறக்க 50 மில்லிவோல்ட் சிக்னல் போதும்; எல்.இ.டி.க்கு 140 வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் மென்மையாக மீட்டினால் எல்.இ.டி. அநேகமாகத் திறக்காது, அழுத்தி மீட்டினால்தான் கடிக்கும். கைக்குப் பதில் சொல்லும் பெடல் வேண்டும் என்பவருக்கு இது உண்மையான பயன். இரண்டு டையோடுகளில் ஒரு பக்கம் மட்டும் இன்னொன்றைத் தொடராகச் சேர்ப்பது மற்றொரு நல்ல மாற்றம். 1981இல் வந்த பாஸ் எஸ்.டி.1 பெடலில் இப்படி மூன்று டையோடுகள் உள்ளன. அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் வெவ்வேறு உயரத்தில் வெட்டப்படுவதால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் சேர்கின்றன. ஜெர்மானியத்தை இந்தச் சுற்றில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓசை நெருக்கமாவது உண்மை. அதோடு லெவலும் வெகுவாக விழுகிறது, வெப்பத்துக்கு ஏற்பக் குணமும் மாறுகிறது. டையோடு மாற்றங்களைப் பற்றி எழுதப்படும் புகழுரைகளில் பெரும்பகுதியை ஒரு எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 0.6இலிருந்து 1.7 வோல்ட்டுக்குப் போவது சுமார் 9 டெசிபெல் கூடுதல் சத்தம். சத்தமாக இருப்பது திறந்ததாகவும் உயிரோட்டமாகவும் கேட்கும். லெவல் குமிழைக் குறைத்துச் சமன் செய்தபின் எவ்வளவு வேறுபாடு எஞ்சுகிறதோ அதுதான் டையோடின் வேலை.

9 வோல்ட்டுக்குப் பதில் 18 கொடுத்தால் ஓசை விரியும் என்பதையும் இந்த இடத்திலேயே தீர்த்துவிடலாம். சிலிக்கான் டையோடுகள் 0.6 வோல்ட்டில் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஐசிக்கு மேலே எவ்வளவு வோல்ட் மிச்சம் இருந்தாலும் அலைக்கு அது எட்டாது. போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களின் வோல்ட் வரம்பு தெரியாமல் 18 கொடுப்பது அவற்றை வெடிக்க வைக்கும் வழி.

இப்போது ஐசி. 4558இன் வேகம் ஒரு மைக்ரோ விநாடிக்குச் சுமார் 1 வோல்ட் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது, டி.எல்.072இன் வேகம் 13. பதின்மூன்று மடங்கு வேகமான ஐசி வேறு ஓசை தராதா என்று கேட்கத் தோன்றும். கேள்வி, இந்தச் சுற்று எவ்வளவு வேகம் கேட்கிறது என்பதே. பிக்கப்பிலிருந்து 300 மில்லிவோல்ட் உச்சத்தில் 1000 ஹெர்ட்ஸ் அலை வந்து, 100 மடங்கு பெருகி, டையோடு திறக்கும்வரை செங்குத்தாக ஏறுவதாக வைத்துக்கொள்வோம். அது கேட்கும் வேகம் மைக்ரோ விநாடிக்கு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. 4558 அதை ஐந்து மடங்கு தாண்டி நிற்கிறது. பெருக்கமும் அலைவரிசை அகலமும் சேர்ந்த வரம்பு இரண்டு ஐசிகளுக்கும் சுமார் 3 மெகா ஹெர்ட்ஸ். 118 மடங்கு பெருக்கத்தில் அது 25 கிலோ ஹெர்ட்ஸ் வரை இடம் தருகிறது. 51 பிகோ ஃபாரட் கெபாசிட்டரோ 5.7 கிலோ ஹெர்ட்ஸிலேயே கதவை மூடிவிடுகிறது. ஐசி வரம்பை எட்டுமுன்பே சுற்றின் மற்றப் பாகங்கள் வரம்பு கட்டிவிடுகின்றன. ஐசியால் மாறக்கூடியவை இரைச்சலும் மின்செலவும். என்.ஈ.5532 போட்டால் டிரைவ் உச்சத்தில் சீறல் சற்றுக் குறையலாம். ஆனால் அது தனியாகவே 8 மில்லி ஆம்பியர் அளவு இழுப்பதால் பேட்டரி சீக்கிரம் தீரும். கடைகளில் விற்கும் சாதாரண பேஸ் ட்ரெபிள் போர்டுகளில்கூட இருக்கும் 4558ஐ, பழைய அச்சு என்பதற்காக அதிக விலை கொடுத்து வாங்க இந்தக் கணக்கில் எந்தக் காரணமும் தெரியவில்லை. விலை ஏறிய ஐசியில் போலி அச்சும் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐசியை மாற்றியதும் தெளிவாக வேறுபாடு கேட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்டதற்கு வேறு காரணங்கள் இருக்கக்கூடும். பழைய ஐசியைக் கழற்றும்போது பக்கத்து இணைப்புகளும் புதிதாகப் பற்றவைக்கப்படுகின்றன. குமிழ்கள் பழைய இடத்துக்குத் துல்லியமாகத் திரும்புவதில்லை. பல ஐசி மாற்றங்கள் கெபாசிட்டர் மாற்றங்களோடு சேர்த்தே செய்யப்படுகின்றன. ஒரே மாதிரியின் இரண்டு பழைய பெடல்களை ஒப்பிடுபவர் இன்னொன்றையும் எண்ண வேண்டும்: குமிழ்களின் மதிப்பு 20 சதவீதம் வரை விலகியிருக்கலாம், கெபாசிட்டர்கள் 10 சதவீதம். கெபாசிட்டர்களின் விலகலே 720 ஹெர்ட்ஸ் எல்லையை எளிதில் இடம் மாற்றிவிடும். டி.எஸ்.9ஐ 808 ஆக்குவது என்று சொல்லப்படும் மாற்றமும் இதே வகை. வெளியீட்டில் உள்ள 470 ஓமை 100 ஆகவும், 100 கிலோ ஓமை 10 ஆகவும் மாற்றுகிறார்கள். 1 மெகா ஓம் உள்ளீடு கொண்ட ஆம்ப்புக்குள் நேராகப் போகும்போது இரண்டு நிலைகளிலும் இழப்பு ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செய்வதில் கேடில்லை, ரெசிஸ்டர்கள் மலிவானவை. ஓசை மாறிவிட்டது என்று அதை நம்பி அடுத்த முடிவுகளை எடுப்பதில்தான் கேடு.

ஆகவே ஒப்பிடும் முறையைச் சால்டரிங்குக்கு முன்பே அமைத்துக்கொள்ள வேண்டும். பெடல் இல்லாமல் கிட்டாரை நேராகக் கணினியில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள்: தனிச் சுரங்கள், கீழ்த் தந்திக் கார்டு, மென்மையாக மீட்டியது, அழுத்தி மீட்டியது. அந்தப் பதிவையே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பெடலுக்குள் அனுப்புங்கள். கையின் வேறுபாடு கணக்கிலிருந்து நீங்கிவிடும். அனுப்பும் அளவைக் கிட்டார் தரும் அளவுக்கு, நூறு மில்லிவோல்ட் அளவுக்கு, குறைத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டை மல்டிமீட்டரின் ஏ.சி. வோல்ட்டில் அளந்து லெவலைச் சமன் செய்யுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பத்தக்கவை அல்ல என்பதால் 300 ஹெர்ட்ஸ் தொனியில் அளந்து, மிச்சத்தைக் காதால் சரிசெய்யுங்கள். எது எது என்று தெரியாதபடி வீட்டில் வேறொருவர் மாற்றிப் போட, நீங்கள் கேட்டு எழுதிவைப்பது இன்னும் நல்லது. ஒரு முறைக்கு ஒரு பாகம் என்ற கட்டுப்பாட்டை மீறாதீர்கள்.

வேலைக்கு எடுக்கும் பெடல் எது என்பதும் முக்கியம். 1980களின் அசல் பெடல் கையில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அண்மையில் வெளிவந்த டி.எஸ்.9, அதே சுற்றில் வரும் மலிவான நகல், பாகங்களாகவே விற்கப்படும் கிட் ஆகியவை பழகுவதற்கு ஏற்றவை. போர்டு முழுவதும் சர்ஃபேஸ் மவுண்ட் பாகங்கள் உள்ளதைத் தொடக்கத்தில் தவிர்க்கலாம். அடாப்டரைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டுத் திறவுங்கள். போர்டில் அச்சிட்ட எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அவற்றை நம்பாமல் பாதையைப் பின்பற்றிப் பாகத்தைக் கண்டுபிடியுங்கள். டையோடுகள் ஐசியின் இரண்டாம் காலில் சேர்கின்றனவா ஆறாம் காலிலா என்று மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். அதே காலிலிருந்து மஞ்சள், ஊதா, சிவப்பு வளையங்களுடன் புறப்படும் ரெசிஸ்டர்தான் 4.7 கிலோ ஓம். அதனுடன் தொடராக இருப்பது 473 என்று எழுதிய கெபாசிட்டர். அதைக் கழற்றியதும் புதியதை நேரே பற்றவைக்காமல், ஐசி பேஸ் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த இரண்டு துளைகளை அங்கே பற்றவையுங்கள். 683, 104, 224 மூன்றையும் செருகிச் செருகிக் கேட்டு, முடிவானதை நிரந்தரமாகப் பற்றவைக்கலாம். டையோடுகளுக்கும் இதே ஏற்பாடு. 25 வாட் அயர்ன் போதும். ஓரிடத்தில் மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் செம்புப் பாதை போர்டிலிருந்து பெயரும். ஈயம் முழுவதும் உருகிப் பம்ப் அதை உறிஞ்சும்வரை பாகத்தை இழுக்காதீர்கள். இரண்டு கால் கெபாசிட்டரில் இந்த ஆபத்து சிறியது. எட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டிய ஐசியில் அது பலமடங்காகிறது. ஆகக் குறைந்த பலன் தரும் மாற்றமே போர்டுக்கு ஆக அதிகமான சேதத்தையும் வைத்திருக்கிறது. மற்ற எல்லாம் திருப்தியாக அமைந்தபின்னும் சீறல் உறுத்தினால் மட்டும் அதைத் தொடுங்கள். அப்போதும் பழைய ஐசியைக் காப்பாற்ற முயலாமல் கால்களைக் கட்டரால் வெட்டி, ஒவ்வொரு காலையும் தனியாக எடுத்து, அந்த இடத்தில் ஐசி பேஸ் பற்றவைத்து, புதியதன் முதல் கால் புள்ளி பழையது இருந்த திசையிலேயே வருமாறு செருகுங்கள்.